நாயா, நரியா, மரநாயா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு தன்னார்வ வேலையைப் பற்றி எழுதியிருந்தேன். காட்டில் மரத்தில் கட்டிவைத்த தானியங்கி கேமராக்கள் எடுத்துத் தள்ளும் படங்களை வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்து, இதில் இருப்பது இன்ன விலங்கு என்று ஜூனிவர்ஸ் (Zooniverse) போன்ற இணையதளங்களில் குறித்துக் கொடுக்கும் வேலை. அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை, அதிலும் பெரும்பகுதி நம் வடசென்னைப் பக்கமிருந்தே வந்திருக்கிறது. சுற்றிச் சுற்றி எல்லோரும் கேட்டிருப்பது ஒன்றைத்தான்: படம் கலங்கலாக இருந்தால் என்ன செய்வது? சிலவற்றுக்கு விரிவாகவும் சிலவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதியிருக்கிறேன்.

“ஜூனிவர்ஸ் தளத்தில் ஆப்பிரிக்கக் காட்டுப் படங்கள் நாற்பது பார்த்தேன். பாதிக்குமேல் ஊகம்தான். ஒன்றில் வெறும் பின்னங்கால், இன்னொன்றில் புல்லுக்கு மேலே இரண்டு காது. என் தப்பான பதில்களால் யாரோ கஷ்டப்பட்டுச் செய்யும் ஆய்வு கெட்டுப்போகுமோ என்று பயமாக இருக்கிறது. நிறுத்திவிடட்டுமா?”
விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவி, வியாசர்பாடி

நிறுத்தாதீர்கள். இந்தப் பயம் உங்களுக்கு வந்ததே நல்லது, பயம் இல்லாதவர்கள்தான் கண்ணை மூடிக்கொண்டு கிளிக் செய்துகொண்டே போவார்கள்.

உங்கள் பதில் தனியாக எங்கேயும் போய் நிற்பதில்லை. தான்சானியாவின் செரங்கெட்டியில் நடந்ததைச் சொல்கிறேன், இந்த வேலைக்கு அதுதான் நல்ல உதாரணம். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் சிங்க ஆராய்ச்சிக் குழு, 2010 முதல் அங்கே 225 கேமராக்களைக் கட்டம் கட்டமாக வைத்தது. சிங்கம், கழுதைப்புலி, சிவிங்கிப்புலி எல்லாம் ஒரே இடத்தில் எப்படி ஒத்துப்போகின்றன என்று பார்ப்பதுதான் நோக்கம். படங்கள் லட்சக்கணக்கில் குவிந்தன, நாலைந்து பேர் ஆயுசுக்கும் உட்கார்ந்தாலும் தீராது. 2012 டிசம்பரில் பொதுமக்களிடம் திறந்துவிட்டார்கள். முதல் மூன்று வருடப் படங்களுக்கே 1 கோடிக்கு மேற்பட்ட பதில்கள் வந்தன. பதிவு செய்துகொண்டவர்கள் மட்டும் 28,000 பேர்.

ஒரு படத்தைப் பலர் பார்ப்பார்கள். முதலில் பார்க்கும் ஐந்து பேரும் ஒன்றுமில்லை என்று சொன்னால் அந்தப் படம் ஓய்வுக்குப் போய்விடும். பத்துப் பேர் ஒரே விலங்கைச் சொன்னால் அதுவும் முடிந்தது. ஒத்து வரவில்லையா, 25 பேர் பார்க்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் அதிகம் பேர் சொன்ன பதிலை எடுத்துக்கொள்வார்கள். இப்படிக் கிடைத்த பதில்களில் நாலாயிரத்துச் சொச்சத்தை நிபுணர்களின் பதிலோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, விலங்கின் பெயர் 96.6 சதவீதம் சரியாக இருந்தது. அத்தனையும் உங்களையும் என்னையும் போன்றவர்கள் பார்த்ததுதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்தத் திட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று ஒரு பட்டனே வைக்கவில்லை, வேண்டுமென்றே வைக்கவில்லை. ஏனென்றால் உங்கள் ஊகத்திலும் தகவல் இருக்கிறது. பத்துப் பேரும் வரிக்குதிரை என்றால் அது சுலபமான படம். நான்கு பேர் தாம்சன் மான், மூன்று பேர் கிராண்ட் மான், மூன்று பேர் இம்பாலா என்றால், இது ஏதோ ஒரு மான், யானையும் இல்லை கழுதைப்புலியும் இல்லை என்பதாவது உறுதியாகிறது. பதில்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதற்கே ஒரு கணக்குப் போட்டு, அதிகம் சிதறிய படங்களை மட்டும் நிபுணர் பார்த்தால் போதும் என்று ஆக்கினார்கள். ஆக நீங்கள் தடுமாறியதும் ஒரு பதிவுதான். தடுமாறாத மாதிரி நடிக்காமல் இருந்தால் சரி.

சில திட்டங்களில் ‘அடையாளம் தெரியவில்லை’ என்ற பட்டன் இருக்கும். இருந்தால் கூச்சப்படாமல் அழுத்துங்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் விதி வேறு, தொடக்கத்தில் வரும் விளக்கத்தைத் தாண்டி ஓடாமல் ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள்.

“முப்பது படம் பார்த்தால் இருபதில் வெறும் புல்லும் வெயிலும்தான். மிருகமே இல்லாத படத்தை எதற்கு எடுக்கிறார்கள்?”
கொருக்குப்பேட்டை வாசகர்

யாரும் நின்று எடுப்பதில்லை, அதுதான் காரணம். கேமராவுக்குள் அகச்சிவப்பு உணரி ஒன்று இருக்கும். எதிரே இருக்கும் சூட்டின் அளவு சட்டென்று மாறி, ஏதோ நகர்ந்த மாதிரி பட்டால் கேமரா தானாகத் தட்டிவிடும். மதிய வெயிலில் காய்ந்து சூடேறிய புல் காற்றில் ஆடினாலும் அதற்கு ஒன்றுதான், மான் வந்தாலும் ஒன்றுதான். ஒருமுறை தட்டும்போது அடுத்தடுத்து விழும் படங்களை ஒரு தொகுப்பு என்பார்கள், செரங்கெட்டியில் முக்கால்வாசித் தொகுப்புகள் இப்படி வெறுமையானவைதான். ஆனால் ‘ஒன்றுமில்லை’ என்று அழுத்துமுன் ஓரங்களைப் பாருங்கள். நடுவில் தேடித்தான் நம் கண் பழகியிருக்கிறது, விலங்கு பாதி சமயம் இடது மூலையில் வாலை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கும். ஒரு தொகுப்பில் இரண்டு மூன்று படம் இருந்தால் மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். கல் அசையாது, படுத்திருக்கும் கழுதைப்புலியின் காது அசையும்.

“எங்கள் சந்தில் உள்ள சிசிடிவியில் ராத்திரி 2 மணிக்கு ஏதோ ஒன்று போவது பதிவாகியிருக்கிறது. நீளமான வால், உடம்பில் புள்ளி மாதிரி. குட்டிச் சிறுத்தை என்று தெருவே பேசுகிறது, பிள்ளைகளை வெளியே விடப் பயப்படுகிறார்கள். மூன்று படம் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.”
குடும்பத் தலைவி, பழைய வண்ணாரப்பேட்டை

அம்மா, அது சிறுத்தை இல்லை. மரநாய். பிள்ளைகளை விளையாட விடுங்கள்.

எப்படிச் சொல்கிறேன் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன், அப்போதுதான் தெருவில் நீங்கள் எடுத்துச் சொல்ல முடியும். முதல் படத்தில் ஒன்றுமே தெரியவில்லை, ஒரு வெள்ளைத் தீற்றல்தான், அதை விட்டுவிட்டேன். இரண்டாவது படத்தில் அது காம்பவுண்டு சுவரை ஒட்டிப் போகிறது. சுவர் பூசாத ஹாலோ பிளாக் சுவர், நல்ல வேளை. ஒரு பிளாக் 8 அங்குல உயரம். விலங்கின் முதுகு முதல் பிளாக்கின் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது, அவ்வளவுதான். அப்படியென்றால் தோள் உயரம் முக்கால் அடி சொச்சம். பிளாக் 16 அங்குல நீளம், அதை வைத்து அளந்தால் உடம்பு ஒன்றரை அடி, வாலும் கிட்டத்தட்ட அதே நீளம். உடம்பு நீளத்துக்கு வாலும், அதைத் தாங்க இவ்வளவு குட்டைக் கால்களும் சிறுத்தைக் குட்டிக்கு இருக்காது. குட்டி என்றால் கால் கனமாக, பாதம் பெரிதாக, தலை உருண்டையாக இருக்கும். இதற்கு முகம் கூம்பிக்கொண்டு போகிறது.

அடுத்து வால். மூன்றாவது படத்தை முடிந்தவரை பெரிதாக்கிப் பார்த்தேன். வாலில் வளையம் இல்லை, நுனிவரை ஒரே கருமை. இதை நான் இவ்வளவு தேடியதற்குக் காரணம், இதே அளவில் இன்னொரு ஆள் உண்டு, புனுகுப்பூனை. அதற்கு வாலில் வெள்ளையும் கறுப்புமாக வளையங்கள் அடுக்காக வரும், பெரும்பாலும் தரையிலேயே திரியும். மரநாய்க்கு வளையம் கிடையாது, முகத்தில் முகமூடி போட்ட மாதிரி கறுப்பு இருக்கும், ஏறுவதில் கெட்டி. உங்கள் மூன்றாவது படத்தில் அது சுவர் மேலிருந்து கேபிள் ஒயர் மேல் கால் வைக்கிறது, பாருங்கள்.

பழைய ஓட்டு வீடுகளும் மச்சும் மாமரமும் இருக்கிற தெருக்களில் மரநாய் மனிதர்களுக்குப் பக்கத்திலேயே காலங்காலமாக வாழ்கிறது. பழம், எலி, பூச்சி தின்னும். மொட்டைமாடியில் கொட்டைகளோடு எச்சம் கிடந்தால் அது இவருடையதுதான். சீண்டாமல் விட்டால் யாரையும் ஒன்றும் செய்யாது. பிடிக்கவோ அடிக்கவோ சட்டம் இடம் கொடுக்காது, இது பாதுகாக்கப்பட்ட விலங்கு. ஒரே ஒரு வேண்டுகோள்: ‘சிறுத்தை’ என்று தலைப்புப் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றுகிற அந்த வீடியோவின் கீழே, மரநாய் என்று நீங்களே பதில் போட்டுவிடுங்கள். நாளைக்கு நாலு பேர் தடியோடு கிளம்பிவிடக் கூடாது.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் படங்களைத் திறந்த முதல் நொடியில் எனக்கும் நெஞ்சு பதறியது, புள்ளி தெரிந்தது, சிறுத்தை என்றே மனசு சொன்னது. காட்டுப் படங்களிலும் இப்படித்தான், பார்ப்பவர் ஆசைப்படும் விலங்கு படத்துக்குள் வந்துவிடும். அதனால் நான் பெயரை முதலில் சொல்வதில்லை. வால், கால், முதுகு, முகம் என்று ஒவ்வொன்றாகத் தாளில் எழுதிக்கொண்டு அப்புறம்தான் பெயருக்குப் போவேன்.

“படத்துக்கு இவ்வளவு என்று காசு தருவார்களா? ஒரு ஏஜெண்டு 3,000 ரூபாய் முன்பணம் கட்டச் சொல்கிறார்.”
எர்ணாவூர் வாசகர்

தம்பி, கட்டாதீர்கள். இது சம்பளமில்லாத தன்னார்வ வேலை, சேருவதற்கும் ஒரு பைசா வேண்டாம். ஜூனிவர்ஸில் கணக்குகூடத் தொடங்காமல் பார்க்க ஆரம்பித்துவிடலாம், நடுவில் ஏஜெண்டுக்கு வேலையே கிடையாது. முன்பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் அது மோசடிதான். ஏற்கெனவே கட்டியிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிட்டுப் புகார் கொடுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

“ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டிங் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கண் இன்னும் நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த ராத்திரிப் படங்களில் எல்லாமே நாய் மாதிரிதான் தெரிகிறது. எதைப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் பழகிக்கொள்வேன்.”
பெரம்பூர் வாசகர்

ஐயா, வெல்டு ஓடிய கோட்டைப் பார்த்து உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று கண்டுபிடித்த கண்ணுக்கு இது வந்துவிடும்.

முதலில் நிறத்தை மறந்துவிட வேண்டும். ராத்திரியில் பல கேமராக்கள் அகச்சிவப்பு வெளிச்சம் போட்டு எடுக்கின்றன, நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அது, படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். செங்கல் நிறத்துச் செந்நாய் அதில் வெளிறிப்போய் நிற்கும். இதில் அதிசயம் ஒன்று சொல்கிறேன். கருஞ்சிறுத்தை பகலில் மொத்தமும் கறுப்புத்தான், ஆனால் அகச்சிவப்பு வெளிச்சத்தில் அதன் உடம்புப் புள்ளிகள் தெளிவாகத் தெரிந்துவிடும். மலேசியாவில் ஒரு பகுதியில் கிட்டத்தட்ட எல்லாச் சிறுத்தையும் கறுப்பாக இருந்ததால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாமல் ஆய்வாளர்கள் தவித்தார்கள். அப்புறம் கேமராவை எப்போதும் ராத்திரி என்று நம்பும்படி ஏமாற்றிப் புள்ளிகளை எடுத்தார்கள்.

நிறத்தை விட்டபின் உருவம்தான். நாய், நரி, செந்நாய் மூன்றுக்கும் வாலைப் பாருங்கள். தெருநாய் வாலை பெரும்பாலும் தூக்கி வளைத்திருக்கும். குள்ளநரியின் வால் அடர்ந்து, கீழே தொங்கி, நுனி கறுத்திருக்கும். செந்நாய்க்கு வால் பாதிக்கு மேல் கருமையாக, புஸ்ஸென்று இருக்கும், காது நுனி உருண்டை. பூனைகளில் காட்டுப்பூனைக்குக் கால் உயரம், வால் குட்டை, காது நுனியில் சின்னதாகக் கறுப்பு மயிர். வீட்டுப்பூனையின் வால் தரைவரை வரும். சருகுமான் முயலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே, அதைப் புள்ளிமான் குட்டி என்று குறிக்கிறவர்கள் உண்டு. குட்டிக்குக் கால் நீண்டு, உடம்பு சிறுத்திருக்கும். சருகுமான் தலைகீழ், குச்சிக் கால் மேல் உருண்டை உடம்பு.

கண்ணும் உதவும். மான், பூனை, நாய் வகைகளின் கண்ணுக்குள் வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருக்கிறது, அதனால் பளிச்சென்று மின்னும். காட்டுப்பன்றிக்கு அப்படி மின்னாது. இருட்டில் உடம்பே தெரியாவிட்டாலும் இரண்டு புள்ளி எந்த உயரத்தில் மின்னுகிறது, எவ்வளவு இடைவெளி என்று பார்த்தால் முயலா கடமானா என்பது தெரிந்துவிடும்.

இதெல்லாம் பாடம் படித்து வருவதில்லை, பார்த்துப் பார்த்து வருவது. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் ஒரு அம்மாவைக் கவனித்திருக்கிறேன். கூடை முழுக்க ஐஸ், மீன் உள்ளே புதைந்து கிடக்கிறது, வெளியே நீட்டிக்கொண்டிருப்பது வால் மட்டும். வஞ்சிரம், சீலா, பாறை என்று நிற்காமல் சொல்லிக்கொண்டே போனார். எப்படிம்மா என்று கேட்டதற்கு, வால் கிளையும் இடத்துக்கு முன்னால் அது எவ்வளவு ஒடுங்குகிறது என்பதை விரலால் கிள்ளிக் காட்டினார். முழு மீனைப் பார்க்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. அந்த ஒடுங்கும் இடம் மாதிரி ஒவ்வொரு விலங்குக்கும் ஓரிடம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் ஒரு நாள் எழும்பூர் அருங்காட்சியகம் போய்ப் பாடம்செய்த விலங்குகளைப் பின்பக்கமிருந்து பாருங்கள். புத்தகத்தில் எல்லா விலங்கும் பக்கவாட்டில் அழகாக நிற்கும். கேமரா முன்னால் எல்லாமே முதுகைக் காட்டிக்கொண்டுதான் போகும்.

“என் பையனுக்கு 11 வயது. அவனோடு சேர்ந்து பார்க்க ஆசை. ரத்தம், வேட்டை எல்லாம் வருமா? மனிதர்கள் படத்தில் வந்தால் என்ன செய்வது?”
தண்டையார்பேட்டை வாசகி

இரையை வாயில் கவ்விக்கொண்டு போகும் படம் எப்போதாவது வரும், ஆனால் மிகக் குறைவு. கேமரா பெரும்பாலும் விலங்குகள் நடந்துபோகும் தடத்தில் இருக்கும், அதனால் வருவதில் முக்கால்வாசி நடந்துபோகிற, மேய்கிற, மூக்கை லென்ஸில் வைத்து மோந்து பார்க்கிற படங்கள்தான். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், தனியாக விட வேண்டாம். பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாகவே கண்டுபிடிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு மூலையைப் பார்க்கப் பொறுமை இருக்கிறது.

மனிதர்கள் வந்தால் ‘மனிதர்’ என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கக் கூடாது, யாருக்கும் அனுப்பக் கூடாது. விறகு பொறுக்கப் போன பெண், மாடு மேய்க்கிற பெரியவர், இவர்கள் யாரும் படம் எடுக்கச் சம்மதித்தவர்கள் இல்லை. நம் வீட்டுப் பெண்கள் தண்ணீர் பிடிக்கிற குழாயடியில் தெரியாமல் ஒரு கேமரா இருந்தால் நமக்கு எப்படி இருக்கும்? அதே மரியாதை அவர்களுக்கும் வேண்டும். விலங்குப் படத்திலும் இது எந்த இடம் என்று தோண்டித் துருவ வேண்டாம். புலி, யானை நிற்கும் இடம் வேட்டைக்காரன் கைக்குப் போகக் கூடாது என்றுதான் இடத்தை மறைத்து வைக்கிறார்கள்.

“ஏ.ஐ. வந்துவிட்டதே, எல்லாப் படத்தையும் ஒரு நிமிஷத்தில் பிரித்துவிடுமே. நாம் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்வது வீண் வேலை இல்லையா?”
ஐ.டி. ஊழியர், ராயபுரம்

பாதி சரி. 2018ல் வந்த ஓர் ஆய்வில், செரங்கெட்டியின் 32 லட்சம் படங்களைக் கொடுத்துக் கணினியைப் பழக்கினார்கள். 99.3 சதவீதப் படங்களை அதனிடமே விட்டுவிடலாம், துல்லியம் தன்னார்வலர்களின் 96.6 சதவீதத்துக்குக் குறையாது என்று வந்தது. ஆனால் அந்தக் கணினிக்கு இது வரிக்குதிரை, இது கழுதைப்புலி என்று சொல்லிக்கொடுத்தது யார்? அதே தன்னார்வலர்கள் குறித்துக் கொடுத்த பதில்கள்தான். அந்தக் கோடிக் கிளிக்குகள் இல்லாமல் அது ஒன்றையும் கற்றிருக்காது.

இப்போது பல இடங்களில் வெறும் புல் படங்களைக் கணினி ஒதுக்கித் தள்ளிவிடுகிறது, அதை நான் சந்தோஷமாகவே பார்க்கிறேன். மிச்சம் மனிதரிடம் வருவது கஷ்டமான படங்கள்தான்: மழைத்துளி படிந்த லென்ஸ், பாதி முகம், பனிமூட்டம், கணினி அதிகம் பார்த்திராத அபூர்வ விலங்கு. ஒரு காட்டில் பழகிய கணினி வேறு காட்டுக்குப் போனால், பின்னணி மாறியதிலேயே தடுமாறும். நம் நாட்டிலேயே பாருங்கள், 2018-19 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். சேர்ந்தது 3 கோடியே 48 லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள். அதில் புலி இருந்தது 76,651 படங்களில், சிறுத்தை இருந்தது 51,777 படங்களில். பிரிக்கவும், வரிகளை ஒப்பிட்டு இது அந்தப் புலிதானா என்று பார்க்கவும் மென்பொருள் துணை நின்றது. ஆனாலும் முடிவாக ஒத்துப்பார்த்தது மனிதக் கண்தான். மென்பொருள் எழுதத் தெரிந்தவர் என்றால் நீங்கள் இரண்டு பக்கத்திலும் வேலை செய்யலாமே, தம்பி. அப்படிப்பட்டவர்கள் இந்தத் துறைக்கு ரொம்பத் தேவை.

“அப்பா படகுக்காரர். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் சேற்றில் மேயும் சின்னப் பறவைகளைப் போனில் எடுத்தேன், எல்லாம் தூரம், மங்கல். இதை எங்காவது போடலாமா, அல்லது அழித்துவிடட்டுமா?”
கல்லூரி மாணவர், எண்ணூர்

அழிக்காதீர்கள். பார்த்த உயிரினத்தின் படத்தை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) தளத்தில் தேதியும் இடமும் சேர்த்துப் போடுங்கள். இனம் தெரியாவிட்டால் ‘உள்ளான் வகை’ என்கிற அளவில், அதுவும் நிச்சயமில்லை என்றால் வெறும் ‘பறவை’ என்றே போடலாம், தப்பே இல்லை. தெரிந்த அளவோடு நிறுத்துவதற்கு அங்கே வசதி செய்து வைத்திருக்கிறார்கள், மற்றவர்கள் வந்து ஒவ்வொரு படியாக இறக்குவார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் ‘ஆராய்ச்சித் தரம்’ என்ற முத்திரை கிடைக்கும். வெறுமனே நன்றாக இருக்குமே என்று அபூர்வப் பறவையின் பெயரைப் போட்டுவிடுவதுதான் தொந்தரவு.

அடுத்த முறை எடுக்கும்போது அலகு தலையைவிட நீளமா குட்டையா, நேரா வளைந்ததா என்று மட்டும் தெரிகிற மாதிரி ஒன்று எடுங்கள், பறந்து எழும்போது இறக்கையில் வெள்ளைக்கோடு இருக்கிறதா என்று இன்னொன்று. இரண்டும் இருந்தால் மங்கல் படமே போதும்.

நிறத்தை நம்பாதீர்கள் என்று பெரம்பூர் ஐயாவுக்குச் சொன்னது உங்கள் ஊருக்கு இன்னும் பொருந்தும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து முகத்துவாரம் முழுக்கப் பரவியதை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். அப்போது கூழைக்கடாக்கள் நெஞ்சும் வயிறும் கறுத்துப்போய் நின்றன. அந்தச் சமயத்துப் படம் ஒன்றை, ஊரும் தேதியும் மறைத்து, பறவை பார்க்கிற நண்பர் ஒருவரிடம் காட்டினேன். இந்த மாதிரி அடிவயிறு கறுத்த நீர்ப்பறவையை நான் பார்த்ததே இல்லையே என்றார். அப்புறம் அந்த நீண்ட அலகையும் அதன் கீழே தொங்கும் பையையும் பார்த்தார், ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. அது எந்தப் பறவை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது, என்ன ஆகியிருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டது. இப்படிப்பட்ட படங்கள் தேதியோடு எங்காவது பதிவாகி இருந்தால்தான் நாளைக்குக் கேட்கிறவருக்குக் காட்ட முடியும். நீங்கள் தினமும் அந்தத் தண்ணீர் மேல் இருக்கிறீர்கள், எங்களால் முடியாதது உங்களால் முடியும்.

“ஒரு நாளைக்கு எத்தனை படம் பார்க்கலாம்?”
திருவொற்றியூர் வாசகி

நான் இரவு சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம், அறுபது எழுபது படம் பார்ப்பேன், அதற்குமேல் போனால் கை தானாக ‘ஒன்றுமில்லை’யை அழுத்த ஆரம்பித்துவிடுகிறது. போனைவிடக் கணினித் திரை நல்லது, விளக்கை அணைத்துவிட்டுத் திரையின் வெளிச்சத்தைக் கூட்டினால் ராத்திரிப் படங்களின் நிழலுக்குள் இருப்பதும் தெரியும். கண் எரிந்தால் அன்றைக்கு மூடிவிடுங்கள். மிச்சப் படங்கள் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.